வேகத்தை அளந்தறிதல்

விரைவில் விருப்பம் கொள்வது மனிதனின் இயல்பு. குதிரையை அடக்கி அதன்மேல் ஏறிய நாள்முதல், தன்னினும் விரைந்து செல்வோரைக் கண்டால் முந்திச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அவனை விட்டு நீங்கியதில்லை. சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயம் நடந்த நாள்களிலும், நகருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட விமான ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயம் நடந்த நாள்களிலும், வெயிலைப் பொருட்படுத்தாது மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டது இவ்விருப்பத்தினாலேயே ஆகும்.

எனினும், பந்தயம் வேறு, சாதனை வேறு. பந்தயத்தில் பலர் ஒரே நேரத்தில் ஒரே களத்தில் ஓடுகின்றனர். முன்னே வந்தவர் யார் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். கடிகாரம் இல்லாவிடினும் பந்தயம் நடக்கும். சாதனை அத்தகையது அன்று. இன்று வண்டியைச் செலுத்துபவர், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நாட்டில், வேறொரு வண்டியைச் செலுத்திய ஒருவரை முந்த முயல்கிறார். அவ்விருவரையும் அருகருகே நிறுத்தி ஓடச் செய்ய இயலுமா? இயலாது. அவர்களை ஒப்பிட்டுக் காட்டுவது ஓர் எண் மட்டுமே. அந்த எண் பிழையுடையதாயின், வண்டியை உருவாக்கியோர் பட்ட பாடும், அதனைச் செலுத்தியவர் உயிரைப் பணயம் வைத்த துணிவும் வீணாய்விடும். ஆதலின், சாதனைக் களத்தில் வண்டியைச் செலுத்துவோர்க்கு எவ்வளவு பொறுப்பு உண்டோ அவ்வளவு பொறுப்பு, வழியோரத்தில் கடிகாரத்துடன் அமர்ந்திருப்போர்க்கும் உண்டு. செய்தித்தாள்களில் அவர்தம் பெயர் வருவது அரிது.

வேகத்தை நேரே அளக்கும் கோல் எதுவும் இல்லை. வண்டியில் வேகமானி இருக்கிறதே எனச் சிலர் கூறலாம். வேகமானி பொதுவாக எண்ணிச் சொல்வது சக்கரத்தின் சுழற்சியையே அன்றி, வண்டி கடந்த தூரத்தை அன்று. சக்கரத்தின் ரப்பர் தேய்ந்தாலும், மிகு வேகத்தில் விரிந்தாலும், மணலிலோ உப்புத் தரையிலோ வழுக்கிச் சுழன்றாலும் வேகமானி பொய் சொல்லும். எனவே சாதனையை ஏற்கும் நடுவர்கள் அதனை ஒரு சான்றாகக் கொள்வதில்லை. அவர்களுக்கு வேண்டுவன இரண்டே: முன்கூட்டியே செம்மையாக அளக்கப்பட்ட ஒரு தூரம்; அத்தூரத்தைக் கடக்க ஆன காலம். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். தொடக்கப் பள்ளி மாணவனும் செய்யக்கூடிய கணக்குத்தான் இது. ஆனால், வகுக்கப்படும் எண்ணும் வகுக்கும் எண்ணும் உண்மையானவை என்பதற்கு உறுதி தேடுவதிலேதான் தொல்லை முழுவதும் அடங்கியுள்ளது.

மோட்டார் வண்டிக்குரிய முதல் தரைவேகச் சாதனை 1898ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், பிரான்சு நாட்டில் பாரிசு நகருக்கு அருகிலுள்ள அஷேர் என்னும் இடத்தில் நிகழ்ந்தது. மின்கலத்தால் இயங்கும் வண்டியொன்றை காஸ்டன் தெ சாசலூ-லோபா என்பவர் செலுத்தினார். அளந்து குறித்த ஒரு கிலோமீட்டரை 57 வினாடிகளில் கடந்தார். ஒரு மணிக்கு 3,600 வினாடிகள்; அதனை 57ஆல் வகுத்தால் மணிக்கு 63 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக வரும். அடுத்த ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், பெல்ஜியம் நாட்டினரான கமில் ஜெனட்சி அதே தூரத்தை 34 வினாடிகளில் கடந்து, மணிக்கு 100 கிலோமீட்டர் என்னும் எல்லையைத் தாண்டினார். அவருடைய வேகம் எவ்வளவு என்பதை மாணவர் தாமே கணக்கிட்டு அறியலாம்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். இவ்வண்டிகள் நின்ற நிலையிலிருந்து அந்தக் கிலோமீட்டரைத் தொடங்கியவை அல்ல. நெடுந்தொலைவு முன்னரே புறப்பட்டு, முழு வேகத்தையும் அடைந்த பின்னரே முதல் எல்லைக்கோட்டைத் தொட்டன. இரண்டாம் கோட்டைத் தாண்டிய பின்னரே வேகத்தைக் குறைத்தன. ஓடுபாதை எத்தனை கிலோமீட்டர் நீண்டிருந்தாலும், கணக்கில் வருவது நடுவிலுள்ள அந்த ஒரு கிலோமீட்டர் அல்லது ஒரு மைல் மட்டுமே. ‘பறக்கும் கிலோமீட்டர்’, ‘பறக்கும் மைல்’ என்று அதனைக் கூறுவது வழக்கம்.

இம்முறை மோட்டார் வண்டியுடன் பிறந்தது அன்று. பாரிசுக்கு அருகில் அந்த மின்வண்டி ஓடுவதற்கு ஏறத்தாழ 77 ஆண்டுகள் முன்னரே, எந்த வண்டியாலும் அன்று எட்ட முடியாத விரைவுடைய ஒன்றினைச் சென்னையில் இவ்வாறே அளந்தனர். அது ஒலி.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானாய்வுக் கூடம் அமைந்தது. அதன் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளுடன் இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது. அக்கூடத்தில் வானநூல் அறிஞராகப் பணியாற்றியவர் ஜான் கோல்டிங்காம். அண்ணா சாலையை அடுத்து விளங்கும் ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவரும் அவரே என்றால் வியப்பாக இருக்கும். கல்லையும் சுண்ணாம்பையும் அறிந்த கை, விண்மீன்களையும் வினாடிகளையும் அறிந்திருந்தது! சென்னை கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே உள்ளது என்பதை அவர் கணித்தார். அக்கணிப்பின் வழியே, கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடத்திற்குச் சற்று மிகுதியாக முந்தி நிற்கும் ‘சென்னை நேரம்’ பிறந்தது.

அந்நாளில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையிலும், பீரங்கிப்படை தங்கியிருந்த பரங்கிமலையிலும் வழக்கமாகப் பீரங்கிகள் சுடப்பட்டு வந்தன. ஊரார்க்கு அது நேரத்தை உணர்த்தும் ஓசை. கோல்டிங்காமுக்கோ அது செலவில்லாமல் கிடைத்த ஓர் ஆய்வுக் கருவி. பீரங்கி வெடிக்கும்போது முதலில் ஒளி தோன்றுகிறது; ஓசை பின்னர் வந்து சேர்கிறது. ஒளி பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கம் வந்து சேர ஒரு வினாடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆகவே, ஒளி தோன்றிய கணத்தையே வெடித்த கணமாகக் கொள்ளலாம். ஒளியைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, ஓசையைக் கேட்டதும் நிறுத்தினால் காலம் தெரிந்துவிடும். 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு செய்தனர். காலத்தைக் காட்டியவை, கடலோடிகள் பயன்படுத்திய குரோனோமீட்டர் என்னும் நுண்ணிய கடிகாரங்கள். கூர்ந்த செவியுடையோர் அவற்றின் துடிப்புகளை எண்ணினர்.

காலம் கிடைத்தது, தூரம்? வானாய்வுக் கூடத்திலிருந்து கோட்டை சுமார் 13,900 அடி. பரங்கிமலை சுமார் 29,500 அடி, அதாவது 9 கிலோமீட்டர். ஒலி நேர்கோட்டில் செல்வது. பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை அந்த நேர்கோடு அடையாற்றைக் கடந்து, இன்று தியாகராய நகரும் மாம்பலமும் நெருங்கி விளங்கும் பகுதியின் மேலாகச் சென்றது. அந்நாளில் அப்பகுதி பெரிய ஏரியும் தோப்பும் வயலுமாகக் கிடந்தது. ஏரி நீரின்மேல் சங்கிலி இட்டு அளப்பது எங்ஙனம்? இத்தகைய இடங்களில் நிலவளவையாளர் கைக்கொள்ளும் வழி முக்கோண அளவை. சமநிலத்தில் ஒரு கோட்டை மட்டும் மிகுந்த கவனத்துடன் அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளந்தால், கால் வைக்க முடியாத தூரமும் கணக்கில் அகப்பட்டுவிடும். இந்திய நாடு முழுவதையும் அளந்த மாபெரும் பணிக்கு வில்லியம் லாம்டன் அடிக்கோடு இட்டது இதே பரங்கிமலை அருகிலேதான். 1802ஆம் ஆண்டு அங்கிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏழரை மைல் நீளத்தை, 100 அடி எஃகுச் சங்கிலியால் பன்முறை மாற்றி மாற்றி இட்டு அவர் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதற்காகச் சங்கிலிக்கு நிழல் செய்து, வெப்பமானியும் வைத்தனர்.

பரங்கிமலையின் ஓசை நுங்கம்பாக்கம் வந்து சேர ஏறத்தாழ 26 வினாடிகள் ஆகும். கோட்டையின் ஓசைக்கு ஏறத்தாழ 12 வினாடிகள். கண் கண்டதைக் கை உணர்ந்து செயல்படச் சிறிது காலம் கழியும் அன்றோ? அவ்வாறு அரை வினாடி பிழை நேர்ந்தால், 12 வினாடியில் அது நூற்றுக்கு நான்கு பங்கு. 26 வினாடியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். தூரம் நீள நீளக் கையின் பிழை தேய்கிறது. எனவே தொலைவிலுள்ள பீரங்கியே அளவைக்கு உற்ற துணை.

கோல்டிங்காம் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் திசையையும் ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தார். பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கே உள்ளது. கோட்டை கிழக்கே சற்று வடக்கு ஒதுங்கி உள்ளது. தென்மேற்குக் காற்று வீசும்போது மலையின் ஓசையைக் காற்று தூக்கி வரும். கோட்டையின் ஓசையை எதிர்த்துத் தள்ளும். ஓசை வரும் திசையிலேயே காற்று வீசும்போதும் எதிர்த்திசையில் வீசும்போதும் ஒலியின் வேகத்தில் வினாடிக்கு 21 அடி அளவு வேறுபாடு உண்டு என அவர் கண்டார். அவருடைய முடிவுகள் 1823ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தன.

அம்முடிவுகளுள் ஒன்று இன்றும் சிந்தனைக்குரியது. குளிர்ந்த மாதங்களில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி என்றும், ஜூலை மாதத்தில் 1,160 அடிக்கும் மேல் என்றும் அவருடைய அட்டவணை காட்டுகிறது. வெப்பம் மிகுந்தால் ஒலி விரையும் என்பது உண்மையே. ஆனால், சென்னையின் மார்கழிக்கும் ஆடிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஒலியின் வேகத்தை 10 அல்லது 12 அடிக்கு மேல் கூட்டாது. எஞ்சிய வேறுபாட்டில் ஒரு பகுதி காற்றின் வேலை. மற்றொரு பகுதி கருவியிலோ, எண்ணியவர் கண்ணிலும் செவியிலுமோ நேர்ந்த பிழை எனக் கொள்ளலாம். இதனால் அவ்வறிஞரின் பெருமை குறைந்துவிடாது. காற்றும் கையும் அளவையைக் கெடுக்கும் என்பதை அந்த அட்டவணையே காட்டிக்கொடுக்கிறது. பின்னாளில் மோட்டார் வண்டிகளின் வேகத்தை அளந்தோரும் இவ்விரு பகைகளுடனேயே போராட வேண்டியிருந்தது.

முதலில் கையைக் காண்போம். பழைய பந்தயங்களில் நடுவர் ‘ஸ்டாப் வாட்ச்’ என்னும் நிறுத்து கடிகாரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காலத்தைக் குறித்தனர். விரலில் ஐந்தில் ஒரு வினாடி பிழை எளிதில் நேரும். 1898இல் 57 வினாடி ஓட்டத்தில் அப்பிழையால் வேகம் மணிக்குக் கால் கிலோமீட்டர்கூட மாறாது. அதே பிழை, ஒரு மைலை 4.7 வினாடியில் கடக்கும் வண்டிக்கு நேர்ந்தால் என் ஆகும்? மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடிவிடும்! வண்டி செய்யாத சாதனையைக் கட்டைவிரல் செய்து முடித்துவிடும். ஆதலின், வண்டிகள் விரைய விரைய, மனிதனின் கையைக் கடிகாரத்திலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. 1909ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் விக்டர் எமெரி சாதனை நிகழ்த்தியபோது காலத்தைக் குறித்தது மின்சாரக் கருவி.

பின்னர் அப்பணியை ஒளி மேற்கொண்டது. அளந்த தூரத்தின் தொடக்கத்தில் பாதையின் ஒரு புறமிருந்து மறு புறத்துக்கு மெல்லிய ஒளிக்கதிர் ஒன்று பாய்ச்சப்படுகிறது. எதிர்ப்புறத்தில் ஒளியை உணரும் மின்கலம் அதனை ஏற்கிறது. வண்டியின் முனை கதிரை மறைத்த கணத்தில் மின்னோட்டம் மாறுகிறது. கடிகாரம் அக்கணத்தைப் பதிவு செய்கிறது. முடிவெல்லையிலும் அவ்வாறே. இரு முனைகளிலும் ஒரே வகைக் கருவி இருப்பதால், அக்கருவியில் சிறு தாமதம் இருப்பினும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அது ஒன்றாகவே அமைந்து கழிந்துவிடும். மனிதனின் விரலில் அத்தகைய ஒழுங்கு இல்லை. வருவதை எதிர்பார்த்து முந்தியும் அழுத்தும், வியந்து நின்று பிந்தியும் அழுத்தும்.

இவ்வாறு ஆயிரத்தில் ஒரு வினாடியும் அளக்கப்படும்போது தூரத்தின் செம்மையும் அதற்கு ஒப்ப இருத்தல் வேண்டும். ஒரு மைல் என்பது 1,609 மீட்டருக்குச் சற்று மிகுதி. அதில் ஒரே ஒரு மீட்டர் பிழை நேர்ந்தால், மிக விரைந்த வண்டியின் கணக்கில் மணிக்கு முக்கால் கிலோமீட்டர் பிழை விளையும். கடிகாரத்தின் ஆயிரத்தில் ஒரு வினாடிப் பிழையோ, கால் கிலோமீட்டருக்கே காரணமாகும். எனவே ஓட்டத்துக்கு முன்னர் நிலவளவையாளர் வந்து அந்த மைலை அளந்து சான்று அளித்த பின்னரே கடிகாரங்கள் அமைக்கப்படுகின்றன.

கையை விலக்கியாயிற்று. காற்றை விலக்க முடியுமா? அடையாற்றிலிருந்து சாந்தோம் வழியாக மயிலாப்பூருக்கு மிதிவண்டியில் செல்லும் ஒரு மாணவனை எண்ணிப் பார்க்கலாம். தெற்கிலிருந்து காற்று நன்றாக வீசும் நாளில் அவன் வடக்கு நோக்கி மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் எளிதாகச் செல்வான். திரும்பும்போது அதே கால், அதே வண்டி. ஆயினும் 12 கிலோமீட்டருக்கு மேல் செல்ல முடியாமல் வியர்த்துப் போவான். அவனுடைய வேகம் பதினெட்டா, பன்னிரண்டா? இரண்டும் அன்று, இரண்டின் சராசரியான பதினைந்து என்பதே நியாயம். காற்றின் உதவி போக்கிலும் தடை வரவிலும் வந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. காற்றின் விளைவு முழுவதும் இதனால் நீங்கிவிடும் என்பதற்கில்லை. எனினும் காற்றை மட்டும் நம்பிச் சாதனை செய்யும் வழி அடைபட்டுவிடும். பாதையின் சரிவுக்கும் இதே மருந்து பொருந்தும்.

இக்கருத்தை ஏற்று, எந்தச் சாதனையும் இரு திசைகளிலும் ஓடிக் காட்டிய சராசரியாகவே இருக்க வேண்டும் என ஐரோப்பிய மோட்டார்ச் சங்கத்தார் விதித்தனர். இவ்விதியால் ஒரு விந்தை நேர்ந்தது. அமெரிக்கரான பாப் பர்மன் 1911ஆம் ஆண்டு டேடோனாக் கடற்கரையில் மணிக்கு ஏறத்தாழ 227 கிலோமீட்டர் வேகத்தில் சென்றார். ஆனால் ஒரு திசையில் மட்டுமே சென்றார். 1914ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், புரூக்லாண்ட்சில் ஹார்ன்ஸ்டெட் என்பவர் இரு திசைகளிலும் ஓடிப் பெற்ற சராசரி, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவே. எனினும் இருவழிச் சாதனைப் பட்டியலில் முதலிடம் பெற்றவர் ஹார்ன்ஸ்டெட்தான். வேகம் குறைந்தவர் ஏற்கப்பட்டார். வேகம் மிகுந்தவரின் ஓட்டத்தை ஐரோப்பாவில் ஏற்கவில்லை. இது பர்மனுக்கு நேர்ந்த கொடுமை என்று தோன்றலாம். ஆயினும், அவரைத் தள்ளிச் சென்ற காற்று எவ்வளவு என்பதை யாரால் சொல்ல முடியும்?

இரு திசைகளிலும் ஓடினால் மட்டும் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாம் ஓட்டத்தையும் முடிக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. இதன் தேவையைச் சென்னைவாசிகள் எளிதில் உணர்வர். கோடை நாளில் இந்நகரில் காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மேல்காற்று வீசுகிறது. பிற்பகலில் கடற்காற்று புகுந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. ஒருவன் காலையில் தியாகராய நகரிலிருந்து கிழக்கே மயிலாப்பூர் நோக்கி மிதிவண்டியில் சென்று, அங்கேயே இளைப்பாறி, கடற்காற்று வந்த பின்னர் மேற்கு நோக்கித் திரும்பினால், போகும்போதும் காற்று துணை. வரும்போதும் காற்று துணை! இரு திசைகளிலும் ஓடினான் என்பது உண்மை. காற்றை ஈடுசெய்தான் என்பது பொய். ஒரு மணி என்னும் வரம்பு இச்சூழ்ச்சிக்கு இடம் தருவதில்லை.

அந்த ஒரு மணி நேரம் எத்துணை கொடியது என்பதை 1997ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு குழுவினர் உணர்ந்தனர். ரிச்சர்டு நோபிள் என்பவரின் தலைமையில் உருவான ‘திரஸ்ட் எஸ்.எஸ்.சி.’ என்னும் வண்டி, போர் விமானத்துக்குரிய இரண்டு ஜெட் எஞ்சின்களைத் தாங்கியது. பிரிட்டிஷ் விமானப் படையைச் சேர்ந்த ஆண்டி கிரீன் அதனைச் செலுத்தினார். களம், அமெரிக்காவில் நெவாடா மாநிலத்திலுள்ள பிளாக் ராக் பாலைவனம். தரையில் ஒலியினும் விரைந்து செல்வதே அவர்களுடைய நோக்கம். அக்டோபர் 13ஆம் நாள் வண்டி ஒலியின் வேகத்தைத் தாண்டி ஓடியது. திரும்பி வரும்போதும் தாண்டியது. ஆனால், பாரசூட்டுகளை விரித்து வண்டியை நிறுத்தி, சோதித்து, எரிபொருள் நிரப்பி, திருப்பி ஓட்டுவதற்குள் 61 நிமிடங்கள் ஆகிவிட்டன. ஏறத்தாழ ஒரு நிமிடம் மிஞ்சிவிட்டது! உலகில் எவரும் அதுவரை செய்யாததைச் செய்து முடித்தும், சாதனைப் பட்டியலில் அன்று எதுவும் எழுதப்படவில்லை. நடுவர்கள் இரங்கி ஒரு நிமிடம் விட்டுக்கொடுக்கவில்லை; குழுவினரும் அதனைக் கேட்டு நிற்காமல் மீண்டும் களத்தில் இறங்கினர். அக்டோபர் 15ஆம் நாள், ஒரு மணி நேரத்துக்குள் இரு ஓட்டங்களும் முடிந்தன. ஒரு மைலுக்குரிய சராசரி மணிக்கு 1,227.985 கிலோமீட்டர். விமானத்தில் ஒருவர் முதன்முதலாக ஒலியை முந்திய 1947ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுக்குச் சரியாக ஐம்பது ஆண்டும் ஒரு நாளும் கழிந்திருந்தன.

இதற்கு முன்னர், 1979ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ராக்கெட்டால் இயங்கிய ஒரு வண்டியும் ஒலியை முந்தியதாகச் சொல்லப்பட்டது. அது ஒரு திசையில் மட்டுமே ஓடியது. அளந்த மைலும் ஒளிக்கதிரும் இன்றி, ராடாரையும் வண்டிக்குள் இருந்த கருவிகளையும் கொண்டே வேகத்தைக் கணக்கிட்டனர். அது உண்மையிலேயே ஒலியை முந்தியதா என்னும் வாதம் இன்றளவும் ஓயவில்லை. அளவை முறையாக நடந்திருந்தால் வாதத்துக்கே இடமிருந்திராது.

இன்னும் ஒரு விதி உண்டு. புதிய சாதனை பழையதை நூற்றுக்கு ஒரு பங்கேனும் விஞ்ச வேண்டும். கருவியில் எஞ்சக்கூடிய சிறு பிழையே வெற்றியாக மாறிவிடக் கூடாது என்பது இதன் கருத்து. 1970ஆம் ஆண்டு கேரி கேபலிச் என்னும் அமெரிக்கர் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மணிக்கு 1,014 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். 1983ஆம் ஆண்டு நோபிள் தாமே ஓட்டி 1,020 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். ஒரு மைலுக்குரிய சாதனை நோபிளுக்குக் கிடைத்தது; கிலோமீட்டருக்குரிய சாதனையோ கேபலிச்சிடமே நின்றது. ஆறு கிலோமீட்டர் முந்தியது போதவில்லை; பத்துக்கு மேல் வேண்டியிருந்தது. அச்சாதனை 1997வரை அசையாமல் இருந்தது.

வண்டியின் வேகத்தை இவ்வாறு அளந்தாயிற்று. அது ஒலியை முந்தியது என்று சொல்வதற்கு மட்டும் மற்றோர் எண்ணும் வேண்டும். அன்று, அந்த இடத்தில், அந்தக் காற்றில் ஒலியின் வேகம் என்ன? நுங்கம்பாக்கத்தில் பீரங்கியின் ஒளியைக் கண்டு துடிப்புகளை எண்ணியவர்கள் தேடிய அதே எண்தான் இது. வெப்பம் ஒரு பாகை செல்சியசு ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு இரண்டடி அளவு ஏறும். அக்டோபர் மாதத்துப் பாலைவனக் காலை குளிர்ந்தது. அங்கு ஒலி மணிக்கு 1,210 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்திலேயே சென்றது. வண்டி அதனை நூலிழையில் முந்தியது. தொலைவில் நின்றோர், வண்டி ஓசையின்றித் தம்மை நோக்கி விரைவதைக் கண்டனர். கடந்த பின்னரே இடிபோன்ற முழக்கத்தைக் கேட்டனர். பரங்கிமலையின் பீரங்கியைப் போலவே காட்சி முன்னும் ஓசை பின்னுமாக வந்தன.

அதே வண்டி, அதே 1,228 கிலோமீட்டர் வேகத்தில் சென்னையில் ஓடியிருந்தால்? மார்கழிக் காலையில் வெப்பம் 25 பாகை இருக்கும் வேளையில் இங்கு ஒலியின் வேகம் மணிக்கு 1,247 கிலோமீட்டர் அளவு. சித்திரை வெயிலில் 35 பாகையில் அது 1,269 கிலோமீட்டரை எட்டும். முழக்கம் எதுவும் எழுந்திராது. எஞ்சின் ஓசை மயிலாப்பூர்க் கடற்கரையில் நிற்பவர் காதுக்கு முதலில் வந்து சேர, வண்டி அதன் பின்னே வந்திருக்கும்.